லின் வீட்டு ரீச்சர்

என் மனைவி அருள்நாயகி ஒரு பொய்யால் ரீச்சரானவள். இதை அவளை வைத்துக்கொண்டே பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருமுறைகூட மறுத்ததில்லை. "சொல்லுங்கோ, சொல்லுங்கோ, உங்களுக்கு வேறை என்ன வேலை" என்பாள், அவ்வளவுதான்.

நாங்கள் மன்னாரிலிருந்து இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து அப்போது ஏழு வருடம். சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடியில் வீடு. நான் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் சமையலும் துடைப்பும். அந்தச் சிஞ்ஞோராவின் சிநேகிதிகளுக்கு வீட்டு வேலை செய்கிறவள் எவளும் 'பிலிப்பீனா'தான். பிலிப்பைன்ஸ் பெண்கள் எங்களுக்கு முந்தி வந்து அந்த வேலையைப் பிடித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆக ஏழு வருடமாக என் மனைவி பிலிப்பைன்ஸ்காரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள், "கூப்பிட்டால் கூப்பிடட்டும், நான் என்ன தேய்ஞ்சா போறன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டுவாள்.

1997 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சீனருடைய கடைக்குத் தோள்பை வாங்கப் போனோம். கடைக்காரர் லின்னுக்கு ஐம்பத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் ஒரு கடிதத்தை வைத்து அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். அருள்நாயகி எட்டிப் பார்த்தாள். ஆங்கிலக் கடிதம். "நான் வாசிக்கட்டா?" என்று இத்தாலியனில் கேட்டாள். வாங்கி வாசித்து, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொல்லிக் கொடுத்தாள். லின்னுடைய ஒரே மகள் யுன் லண்டனில் இருக்கிறாள். அங்கே ஓர் ஆங்கிலேயப் பையனைக் கட்டப்போகிறாள். ஏப்ரலில் கலியாணம். அவர்கள் வழக்கப்படி பெண்ணின் தகப்பன் விருந்தில் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். உங்களால் முடியுமா என்று பையனின் தாய் மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தாள்.

லின் கடிதத்தை மடித்து வைத்தார். அருள்நாயகியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் ஆசிரியரா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றாள் என் மனைவி. தமிழில்தான் சொன்னாள். ஆனால் தலையையும் ஆட்டிவிட்டாள். ஞாயிறுதோறும் வந்து தனக்கு ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும் என்று லின் அந்த இடத்திலேயே கேட்டுவிட்டார்.

உண்மை என்னவென்றால், அவள் மன்னாரில் ஒரு பள்ளிக்கூடக் கந்தோரில் ஆறு வருடம் ரைப்பிஸ்டாக இருந்தவள். மற்ற ரீச்சர்மார் எழுதிக் கொடுத்த ஆங்கிலச் சோதனைத் தாள்களை ஒரு பிழை விடாமல் தட்டிக் கொடுத்தவள். வகுப்புக்குள் சோக்கைக் கையில் எடுத்தவள் இல்லை. பஸ்ஸில் வரும்போது, "என்னடி செய்தனி?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தைச் செய்ய? வாயிலை வந்திட்டுது."

"வாயிலை வந்ததை விழுங்கியிருக்கலாமே."

"ஏழு வருசமா ஒருத்தரும் என்னைப் பாத்து அப்பிடிக் கேக்கேல்லை" என்றாள்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டுதான் அடுத்த ஞாயிறு அவளோடு போனேன். தமிழ்ப் பூசை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குப் பஸ். நான் ஏன் போனேன் என்றால், என் மனைவி தனியே ஒரு சீனர் வீட்டுக்குப் போய்வந்தால் கோயில் வாசலில் வம்பளக்கும் றோசமலருக்கு ஒரு மாதத்துக்குக் கதை கிடைத்துவிடும். இப்படித்தான் எல்லோருக்கும் சொன்னேன். உள்ளபடி எனக்கு வேடிக்கை பார்க்க ஆசை.

கடைக்குப் பின்னால், கூரை தொடும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. அதைத் தாண்டினால் வீடு. நாங்கள் உள்ளே காலை வைத்ததும் லின், அவர் மனைவி, தம்பியின் மகன் என்று இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பாதிரியார் வீட்டுக்கு வந்தால் நாங்கள் நிற்போமே, அந்த மாதிரி. "லாவ்ஷி" என்றார் லின், தலையைத் தாழ்த்தி. சீனத்தில் அதற்கு ஆசிரியர் என்று பொருள். நான் திரும்பி எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன்.

அந்த வீட்டில் எனக்கு ஒவ்வொன்றும் ஆச்சரியம். பாடக் கொப்பியை ஒற்றைக் கையால் நீட்டமாட்டார்கள். இரண்டு கையாலும் ஏந்தித்தான் தருவார்கள். தேத்தண்ணீரில் பாலும் இல்லை, சீனியும் இல்லை. கண்ணாடிக் குவளையில் இலை மிதக்கும், குடிக்கக் குடிக்கச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். லின்னின் மனைவி பத்துக் கறி சமைத்து மேசையை நிரப்பிவிட்டு, "ஒன்றும் இல்லை, வெறும் சாப்பாடு, மன்னிக்க வேண்டும்" என்பாள். நாங்களோ கோப்பையில் ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்று வளர்ந்தவர்கள். அங்கே கோப்பை வெறுமையானால் பசி தீரவில்லை என்று அர்த்தம். வழிக்க வழிக்க நிரப்பினார்கள். அன்றைக்கு நான் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார முடியாமல் வீட்டுக்கு வந்தேன். மீனை முழுதாக அவித்து, தலை ரீச்சரைப் பார்க்கும்படி வைப்பார்கள். ரீச்சர் தொடும்வரை மற்றவர்கள் தொடமாட்டார்கள். எனக்குப் பெயரே இல்லை. 'ரீச்சரின் புருசன்' என்று ஒரு சொல் அவர்களிடம் இருந்தது. அதுவும் மரியாதையான சொல்தானாம்.

ஆனால் என்னை வாயடைக்க வைத்தது லின்தான். இரண்டாம் ஞாயிறு போனபோது கட்டம் போட்ட ஒரு கொப்பியை இரண்டு கையாலும் நீட்டினார். முதல் பாடத்தில் அருள்நாயகி இருபது சொல் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றையும் நூறு தரம் எழுதியிருந்தார். பிறகு எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டி, முதல் நாள் அவள் சொன்ன எல்லாவற்றையும், அவள் இடையில் இருமியதைத் தவிர, அப்படியே ஒப்புவித்தார். மூன்றாம் ஞாயிறு முதலாம் பாடமும் இரண்டாம் பாடமும். நாலாம் ஞாயிறு மூன்றும். அவர் ஊரில் அப்படித்தான் படிப்பார்களாம், பழையதை விட்டுவிட்டுப் புதியதுக்குப் போகமாட்டார்களாம். நத்தார்ப் பண்டிகை வந்தபோது ஒப்புவிக்கவே முப்பது நிமிடம் போனது. விடிய ஐந்து மணிக்கு எழும்பி, கடை திறக்கும்வரை பெட்டிகளுக்கு நடுவே நடந்து நடந்து பாடமாக்குகிறார் என்று தம்பி மகன் சொன்னான். ஐம்பத்தெட்டு வயது மனுசன்! எனக்கு நாற்பத்துநாலு. அதுவரை இத்தாலியனில் எழுதப்பட்ட ஒரு விண்ணப்பத்தை நானே நிரப்பியது கிடையாது. வெட்கமாயிருந்தது.

அருள்நாயகி பயந்துபோனாள். முதலில் விளையாட்டாய் இருந்தது இப்போது வினையாய்விட்டது. சொன்னதெல்லாம் வேதவாக்காய் ஒரு மனுசன் கல்லில் வெட்டுகிறான் என்றால், சொல்வது பிழையாக இருந்தால் என்ன ஆவது? சிஞ்ஞோராவின் மகனுடைய அறையைத் துடைக்கும்போது அவனுடைய ஆங்கிலப் பள்ளிப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். பிறகு சிஞ்ஞோராவிடமே கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உடுப்பு மினுக்கும்போது பக்கத்தில் புத்தகம் விரிந்திருக்கும். இரண்டு சேர்ட்டுகள் கருகின. இரண்டும் என்னுடையவை.

"அந்த மனுசன் கலியாண வீட்டிலை எல்லாருக்கும் முன்னாலை எழும்பி நிண்டு தலைகுனிஞ்சால், அது என்னாலைதானே" என்பாள்.

"அப்ப உண்மையைச் சொல்லிப்போடு."

"சொல்லத்தான் போறன்."

சொன்னாள். தை மாதக் கடைசியில் சீனருடைய புதுவருடம். விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சொந்தக்காரர் பன்னிரண்டு பேர். சிவப்புத் தாள், ஆவி பறக்கும் மீன், மீனின் தலை என் மனைவியைப் பார்த்தபடி. லின் எழுந்து சின்னக் கிண்ணத்தில் சாராயத்தை ஏந்தி, சீனத்தில் ஏதோ நீளமாய்ச் சொல்லி, அருள்நாயகிக்கு முன்னால் குனிந்தார். அவள் அதோடு உடைந்துவிட்டாள். எழுந்து நின்று இத்தாலியனில் சொன்னாள்:

"நான் ஆசிரியர் இல்லை. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். மற்றவர்கள் எழுதியதை நான் தட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்."

லின் இதைச் சீனத்தில் சொன்னார். மேசையைச் சுற்றி ஒரு முனகல் ஓடியது. ஒரு கிழவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். பிறகு பன்னிரண்டு பேரும் எழுந்து கிண்ணத்தை உயர்த்தினார்கள்!

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பி மகனிடம் குனிந்து கேட்டேன்.

"எங்களிடம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் தெரியாது என்று சொல்வார்கள்" என்றான் அவன். "பெரியப்பா இவ்வளவு பணிவான ரீச்சரைப் பார்த்ததே இல்லை என்கிறார்."

பத்துக் கறி சமைத்துவிட்டு ஒன்றுமில்லை என்கிற வீடு அது. அங்கே போய் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து மரியாதை இரண்டு மடங்காயிற்று. தனக்கு நேரே இருந்த மீன்தலையைத் தின்னவும் முடியாமல் விடவும் முடியாமல் என் மனைவி அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் எடுத்துத் தின்றேன். மன்னாரான் மீன்தலையை வீணாக்குவானா?

பிறகு இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் லின் மனம் நெகிழ்ந்து போனார். கடைசியில் விட்டுவிட்டாள்.

அந்த வீட்டில் ஒரு விசயம் மட்டும் ஒருவரும் கதைப்பதில்லை. மகள் யுன். எட்டு வருடத்துக்கு முன், அவளுக்குப் பதினைந்து வயதில், லின் அவளை லண்டனில் தன் தங்கையிடம் படிக்க அனுப்பியிருக்கிறார். அப்போது இவர்களுக்கு இஞ்சை பேப்பர் இல்லை. பேப்பர் இல்லாதவன் நாட்டு வாசலைத் தாண்டமாட்டான், அது எங்களுக்குத் தெரியாத சங்கதியா! பேர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்தபோது பெண் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள். புதுவருடத்துக்கு ஒரு தொலைபேசி, அவ்வளவுதான். ஒரு ஞாயிறு லின்னின் மனைவி சமையலறையில் அருள்நாயகியிடம் சொன்னாளாம்: "இவர்தான் அனுப்பினார். அனுப்பின நாளிலிருந்து அவள் பெயரை ஒரு தரம் சொன்னதில்லை. கல். இவர் கல்." சொல்லிவிட்டு இஞ்சியை நறுக்கத் தொடங்கிவிட்டாளாம்.

மார்ச்சில் லின் பேச்சை எழுதிக்கொண்டு வந்தார். அவர் சீனத்தில் எழுதியதை இத்தாலியனில் சொல்ல, அருள்நாயகி ஆங்கிலத்தில் எழுதினாள். எனக்கு இத்தாலியனில் விளங்கியது இவ்வளவு: "வந்தவர்களுக்கு வணக்கம். என் மகள் கெட்டிக்காரி இல்லை. வடிவும் இல்லை. சமைக்கத் தெரியாது. பிடிவாதம் கூட. நாங்கள் அவளை ஒழுங்காக வளர்க்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து உங்களுக்குக் கரைச்சல் தரப்போகிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள்."

நல்ல பேச்சு என்று எங்கள் இருவருக்கும் பட்டது. பெண்ணைக் கொடுக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்? எங்கள் ஆட்களும், "அவள் ஒண்டும் தெரியாத பிள்ளை, நீங்கள்தான் பாத்துக்கொள்ள வேணும்" என்றுதானே சொல்வார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், ஆனால் காக்கை அதைச் சபையில் எழுந்து சொல்லாது. சொன்னால் கண்ணூறு வேறு. அருள்நாயகி எழுத்தையும் இலக்கணத்தையும் மூன்று தரம் பார்த்தாள், சிஞ்ஞோராவின் மகனுடைய புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். லின் மூன்று வாரம் பெட்டிகளுக்கு நடுவே நடந்து அதைப் பாடமாக்கினார். ஏப்ரலில் லின்னும் மனைவியும் விமானம் ஏறினார்கள்.

மே மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் கூப்பிட்டார்கள். கலியாணத்தின் வீடியோக் கசெற் வந்திருந்தது. வழக்கம்போல எழுந்து நின்றார்கள், தேத்தண்ணீர் வந்தது. லின்னின் மனைவி எங்களுக்கு நடுவே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். லின் ஒரு மூலையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார், தொலைக்காட்சிப் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளை உடுப்பில் யுன். நல்ல வடிவான பெண். பக்கத்தில் செம்பட்டைத் தலை மாப்பிள்ளை. பெரிய மண்டபம், தொப்பி போட்ட பெண்கள். லின் எழுந்தார். தாள் கையில் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. முதல் வணக்கத்துக்குக் கைதட்டினார்கள். அருள்நாயகியின் உதடும் அவரோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. மகள் கெட்டிக்காரி இல்லை என்றார் லின். சிலர் சிரித்தார்கள், பகிடி என்று நினைத்து. வடிவும் இல்லை என்றார். சிரிப்பு நின்றது. சமைக்கத் தெரியாது, பிடிவாதம் என்று அவர் ஒவ்வொன்றாய், திருத்தமாய், ஒரு பிழை இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். மாப்பிள்ளையின் தாய் கையை நெஞ்சில் வைத்தாள். யாரோ ஒருவன் மேசையைப் பார்த்தான். மாப்பிள்ளை தன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கப் பயந்தவன் போல இருந்தான்.

அருள்நாயகி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "ஐயோ, மாதாவே" என்றாள் மெதுவாக. "அவையள் அப்பிடிக் கதைக்கிற ஆக்கள் இல்லை. ஒரு உண்மையான ரீச்சர் எண்டால் இதை விட்டிருப்பாளா? இஞ்சருங்கோ, நான் அந்த மனுசனைக் கெடுத்துப்போட்டன்."

நானும் கூனிக்குறுகிப் போனேன். ஏழு மாதம் விடியற்காலையில் எழும்பிப் படித்த மனுசனை நாங்கள் இருவரும் சேர்ந்து இங்கிலாந்தில் கொண்டுபோய்க் கேவலப்படுத்திவிட்டோம். அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

படத்தில் லின் முடித்துவிட்டார். ஒருவரும் தட்டவில்லை. அவருக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். தாளை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உட்காரப் போனார். உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மகளைப் பாராமல், எதிரே சுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்:

"எய்ட் இயர்... மை ஷொப், ஐ லுக் டோர். எவ்ரி டே லுக் டோர். திங்க், டுடே யுன் கம்."

எட்டு வருடமாய் என் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு நாளும், இன்றைக்கு யுன் வருவாள் என்று.

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கமெரா பிடித்தவன் சட்டென்று திரும்பியிருக்க வேண்டும், படம் ஆடியது. ஆடிய படத்துக்குள் வெள்ளை உடுப்பு எழுந்து கதிரையைத் தள்ளிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. அதற்குப் பிறகு மண்டபத்தில் ஒரே சத்தம்.

அருள்நாயகி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அது நான் படிப்பிச்சது இல்லை" என்றாள் என்னிடம். "அந்தச் சொல்லெல்லாம் நான் குடுத்தது. வசனம் அவரின்ரை. அவரே கட்டினது." அவள் அழுதாள், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கொப்பியைக்கூட மனப்பாடம் செய்யாமல் விடாத மனுசன், யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்றை எழுந்து நின்று சொல்லிவிட்டார். அதை அவருடைய மொழியில் அவர் சொல்லியிருக்கமாட்டார். பிறந்ததிலிருந்து அந்த மொழியில் அவர் வாய் அதற்குப் பழகவில்லை. இவள் கொடுத்த இருபது இருபது சொல்லில்தான் அவருக்கு அது முடிந்தது. அன்றைக்குத்தான் என் மனைவி ரீச்சர் என்று நான் நம்பினேன். அவளும் நம்பியிருக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அதை மறுத்துச் சொன்னதில்லை.

லின்னின் மனைவிக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. கலியாண மண்டபத்திலும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும். அவள் மூலையைத் திரும்பிப் பார்த்துச் சீனத்தில் கேட்டாள். லின் தோடம்பழத்தோலைப் பார்த்தபடி ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். அவள் நம்பவில்லை. அருள்நாயகியிடம் திரும்பினாள்.

"லாவ்ஷி, இவர் கடைசியில் என்ன சொன்னார்? மகள் ஏன் அழுதாள்?"

"நியெந்தே" என்றார் லின் அவசரமாய், எங்களுக்கும் விளங்கட்டும் என்று இத்தாலியனில். "ஒன்றுமில்லை. எல்லோரையும் சாப்பிடச் சொன்னேன்."

அருள்நாயகி லின்னைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார். இவள் கண்ணைத் துடைத்தாள், நிமிர்ந்து இருந்தாள். பிறகு அந்த வசனத்தை இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாய், வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எட்டு வருடம். என் கடை. வாசல். ஒவ்வொரு நாளும். இன்றைக்கு யுன் வருவாள்.

லின் எழுந்து கடைக்குள் போகப் பார்த்தார். பெட்டிகளுக்கு நடுவிலிருந்த பாதையில் அவர் காலை வைத்தபோது அவர் மனைவி இத்தாலியனிலேயே பேசினாள். நாங்கள் சாட்சியாக இருக்க வேண்டும் என்று நினைத்தாளோ, அல்லது அவளுக்கும் தன் மொழியில் வரவில்லையோ, தெரியாது.

"நானும்" என்றாள் அவர் முதுகைப் பார்த்து. "சமையலறையிலிருந்து. அதே வாசலை."